பரந்தன் ஏணை ஸ்ராண்டும் கிளிநொச்சி ஸ்பிறிங்கும்: வாங்கிப் பாவித்த ஒருவனின் குறிப்பு

பரந்தன் சந்தியில் முல்லைத்தீவு வீதிக்குத் திரும்பிக் கொஞ்சத் தூரம் போனால் ஒரு ஒட்டுப் பட்டறை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. தகரக் கேற்றில் கைபேசி இலக்கம் மட்டும் எழுதியிருக்கும், அதிலும் கடைசி இரண்டு இலக்கத்தைத் துரு தின்றுவிட்டது. கேற்று, கிறில், தண்ணீர்த் தாங்கிக்கு நிலை, லாண்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு மெசினுக்குப் பெட்டி என்று எல்லாம் செய்கிறவர்கள் இப்போது ஏணை ஸ்ராண்டும், அதாவது பிள்ளையை ஆட்டுகிற சீலைத் தொட்டிலைத் தொங்கவிடுகிற இரும்பு நிலையும், செய்கிறார்கள். எங்கள் இரண்டாவது பிள்ளைக்கு அங்கேதான் செய்வித்தோம். பிள்ளை பார்க்க வருகிற ஆட்கள் எல்லாம் எங்கே செய்தது, என்ன விலை, பிள்ளை நித்திரை கொள்ளுதோ என்று கேட்கிறபடியால் ஒரே தரமாக எழுதிவிடுகிறேன்.

முடிவை முதலே சொல்கிறேன். பிள்ளையை நித்திரையாக்க இது நல்ல சாமான். விடிய விடிய அதற்குள்ளேயே கிடத்தி வைக்கலாம் என்று நினைத்து வாங்குவதென்றால் வாங்க வேண்டாம்.

ஸ்ராண்டுக்கு நாங்கள் போனதற்குக் காரணம், வீட்டில் ஏணை கட்ட இடமில்லை. பழைய மண்வீடு என்றால் தீராந்தி இருக்கும், கயிற்றை எறிந்து கட்டினால் வேலை முடிந்தது. எங்களுடையது இந்திய அரசின் வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை லட்சம் ரூபாய்க் கொடுப்பனவோடு கட்டத் தொடங்கி, கைக்காசும் கடனும் போட்டு முடித்த வீடு. கூரை உயரம். அதற்குப் பிறகு வெக்கை தாங்காமல் சீலிங்கும் அடித்தாயிற்று. சீலிங்கைத் துளைத்துக் கொளுக்கி போடலாம் என்றார் மேசன். மேலே என்ன மரம், எத்தனை ஆணி என்று கண்ணால் காணாத இடத்தில் பிள்ளையைத் தொங்கவிட எனக்கு மனம் வரவில்லை. இந்தப் பக்கத்தில் வீட்டுத்திட்ட வீடுகள் வந்த பிறகு ஏணை ஸ்ராண்டுக்கு ஓடர் கூடினது இதனால்தான் என்று பட்டறைக்காரரும் சொன்னார்.

நான் லாண்ட்மாஸ்டரும் நெல்லடிக்கிற மெசினும் திருத்துகிறவன். ஆகவே பிள்ளைச் சாமானையும் இரும்புச் சாமானாகத்தான் முதலில் பார்ப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்ராண்ட் ஒன்றேகால் இஞ்சி ஜி.ஐ. பைப்பில், அதாவது துருப்பிடிக்காமல் நாகப் பூச்சுப் போட்ட இரும்புப் பைப்பில், செய்தது. இரண்டு பக்கமும் கால்கள் அகல விரிந்து மேலே சேரும், சேருகிற இடத்தில் குறுக்குப் பைப் ஓடும், நிலத்தோடு ஒரு இணைப்புப் பைப் இருக்கும். மடிக்கிற மாதிரியும் செய்து தருகிறார்கள். வேண்டாம். மடிக்கிற மூட்டு இருந்தால் அது ஒரு நாளைக்கு யாருடைய விரலையோ கடிக்கும். ஒட்டுவேலையைப் பார்க்கும்போது பெயின்ரைப் பார்க்காதீர்கள், மூட்டைச் சுற்றி விரலை ஓட்டிப் பாருங்கள். முழுச் சுற்றுக்கும் ஒட்டியிருக்க வேண்டும். நாலு இடத்தில் தொட்டுவிட்டு மேலே பட்டி பூசி மறைக்கிறது எல்லாத் தொழிலிலும் உண்டு. எங்களுடையதில் ஒட்டு முழுதாக இருந்தது. கிரைண்டர் பிடித்துச் சீவினதும் ஒழுங்கு. ஜி.ஐ. பைப்பை ஒட்டும்போது அந்த இடத்துப் பூச்சு எரிந்துவிடும், துரு அங்கேதான் தொடங்கும். அதனால் அன்ரிகொரோசிவ் என்கிற துருத்தடுப்புப் பெயின்ற் அடித்த பிறகுதான் மேல் பெயின்ற் அடிக்கச் சொல்லுங்கள். கேட்டால் செய்கிறார்கள், கேட்காவிட்டால் இல்லை.

எழுபது கிலோ ஆள் நான், குறுக்குப் பைப்பில் இரண்டு கையாலும் தொங்கிப் பார்த்தேன். அசையவில்லை. பக்கவாட்டில் தள்ளும்போது மட்டும் சீமெந்து நிலத்தில் கொஞ்சம் வழுக்கியது. கால் முனைக்குப் போட்டிருந்த பிளாஸ்ரிக் மூடிகள் சரியில்லை, ஒரு கிழமையில் கழன்றுவிட்டன. பழைய ரியூப்பை வெட்டிக் கட்டிவிட்டேன், இப்போது வழுக்கல் இல்லை.

என்னுடைய உண்மையான மனக்குறை கொளுக்கியில்தான். அவர்கள் தருவது திறந்த வாய் உள்ள எஸ் கொளுக்கி. கயிற்று ஏணைக்கு அது போதும். கொளுக்கிக்கும் ஏணைக்கும் நடுவே ஸ்பிறிங் போட்டால் மேலும் கீழும் துள்ளும், துள்ளுகிற வேகத்தில் கொளுக்கி வாயிலிருந்து வளையம் வெளியே வர இடமிருக்கிறது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு, லாண்ட்மாஸ்டர் பெட்டி இழுக்கிற இடத்தில் போடுகிற சின்ன ஷக்கிள் (ஆணி போட்டு வாயை மூடுகிற இரும்பு வளையம்) ஒன்று போட்டேன். ஆணியை முறுக்கிப் பூட்டினால் தானாகக் கழராது. ஹார்ட்வெயார் கடையில் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கிற சாமான். இதைப் பட்டறைக்காரரிடமும் சொன்னேன். "இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கேல்லை அண்ணை" என்றார். அதனால்தான் இங்கே எழுதுகிறேன், நீங்கள் கேளுங்கள்.

ஸ்பிறிங் பட்டறையில் இல்லை, கிளிநொச்சிச் சந்தைப் பக்கத்துக் கடைகளில் வாங்க வேண்டும். பெட்டியில் செய்த கொம்பனியின் பெயரோ, எத்தனை கிலோ தாங்கும் என்ற விபரமோ இல்லை. கடைத் தம்பி "இருபத்தஞ்சு கிலோ தாங்கும்" என்று உறுதியாகச் சொன்னான். எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டேன், சிரித்தான். சரி என்று வீட்டுக்குக் கொண்டுவந்து நானே சோதித்தேன். வெறும் ஸ்பிறிங்கைத் தொங்கவிட்டு அதன் கீழ்முனை நிற்கிற உயரத்தைச் சுவரில் பென்சிலால் குறித்தேன். பிறகு 5 கிலோ அரிசிப் பை, அதற்குப் பிறகு 10 கிலோ. 10 கிலோவோடு இரவு முழுக்கத் தொங்கவிட்டு விடியக் கழற்றினால் கீழ்முனை பழைய கோட்டுக்குத் திரும்பி வரவேண்டும். முதல் ஸ்பிறிங் ஒரு விரலளவு கீழேயே நின்றுவிட்டது. அப்படி நின்றால் கம்பி இளகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், பிள்ளையைப் போட நம்பமுடியாது. திருப்பிக் கொடுத்தபோது கடைக்காரர் மறுபேச்சில்லாமல் தடித்த கம்பியில் வேறொன்று தந்தார், அந்த ஒரு குணத்துக்காகவே கடையைப் பாராட்டலாம். இரண்டாவது கோட்டுக்கே வந்தது.

சோதனை சரிவந்தாலும் ஸ்பிறிங்கை மட்டும் நம்பவேண்டாம். அதன் நடுவாலே ஒரு நைலோன் கயிற்றை விட்டு, மேலே குறுக்குப் பைப்பிலும் கீழே ஏணை வளையத்திலும் கட்டுங்கள். ஸ்பிறிங் நீளுகிற அளவுக்குக் கயிறு தொய்வாக இருக்கவேண்டும். ஸ்பிறிங் அறுந்தாலும் கயிறு பிடிக்கும். வெளியே ஒரு துணி உறை தைத்துப் போட்டால் தலைமயிரும் விரலும் சுருளுக்குள் போகாது. கிரீச் கிரீச் என்று சத்தம் வந்தால் கிரீஸ் பூசாதீர்கள், நம்முடைய வெக்கைக்கு அது உருகிப் பிள்ளையின் முகத்தில் சொட்டும். மெழுகுதிரியைத் தேய்த்தால் போதும்.

இன்னொரு விஷயம், அதே ஸ்பிறிங் எல்லா வயதுக்கும் ஒரே மாதிரி ஆடாது. பாரம் குறைந்த பிள்ளைக்கு வேகமாகத் துள்ளும், பாரம் கூடக்கூட ஆட்டம் ஆறுதலாகும். மகன் சின்னனாக இருந்தபோது ஸ்பிறிங்கில் துள்ளல் அதிகம், முழித்து முழித்துப் பார்ப்பான். அந்தக் காலத்தில் ஸ்பிறிங்கைக் கழற்றி வெறும் கயிற்றில் மெதுவாகப் பக்கவாட்டில் ஆட்டினதுதான் சரிவந்தது. பாரம் ஏறின பிறகுதான் ஸ்பிறிங் தன் வேலையைக் காட்டியது. எந்த வயதானாலும் உலுக்கி ஆட்டக்கூடாது. கழுத்து நிற்காத பிள்ளையின் தலையை உலுக்குவது ஆபத்து.

சீலை விஷயத்தில் நான் வாய் திறக்கவில்லை, அது மாமியின் இலாகா. பழைய கைத்தறிச் சீலைதான் வேண்டும் என்று நின்றா. வொயில் காற்றோட்டம், ஆனால் பழசாகினால் நைந்து கிழியும். பட்டு வழுக்கும், வேர்வையும் குடிக்காது. சீலையின் வாய் மூடிப் பிள்ளையின் முகத்தில் படாமல் இருக்க, தலைமாட்டில் ஒன்றும் கால்மாட்டில் ஒன்றுமாகக் குறுக்குத் தடி வைத்துக் கட்டினோம். தடி இல்லாத ஏணையில் பிள்ளையைப் போடவேண்டாம். ஏணையின் அடி நிலத்திலிருந்து ஒரு முழத்துக்கு மேல் போகாமல் பாருங்கள், கீழே பாய் விரித்துவிடுங்கள்.

இனி நித்திரைக்கு வருவோம்.

குழந்தை பிறந்த பிறகு வீட்டுக்கு வந்து பார்க்கிற குடும்பநல மாது ஏணையைக் கண்டதும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆள் பக்கத்தில் இருக்கும்போது ஆட்டுங்கோ, கண் அயர்ந்ததும் எடுத்துத் தட்டையான படுக்கையில் மல்லாக்கப் போடுங்கோ என்றா. காரணத்தையும் சொன்னா. சின்னப் பிள்ளைக்குத் தலை பெரிசு, கழுத்தில் பலமில்லை. ஏணை வளைந்து கிடக்கும்போது நாடி, அதாவது முகவாய், நெஞ்சில் போய் முட்டினால் மூச்சுக்குழாய் ஒடுங்கும். வளர்ந்தவர்கள் மாதிரித் தலையை நிமிர்த்தி எடுக்க அதற்குத் தெரியாது, சத்தமும் வராது.

மாமிக்கு இது பிடிக்கவில்லை. "தம்பி, நாலு பிள்ளையளையும் நான் ஏணையிலதான் வளர்த்தனான். ஒண்டுக்கும் ஒண்டும் நடக்கேல்லை" என்றா. கடைசிப் பிள்ளைக்குப் போர் நேரம் மாத்தளனில் தறப்பாள் கொட்டிலின் தடியில் ஏணை கட்டி ஆட்டின மனுசி. அவவோடு நான் என்ன வாதாடுவது? "மாமி, பகல் முழுக்க ஏணை உங்கட பொறுப்பு, இரவுக்கு மட்டும் படுக்கை" என்றேன். அதோடு ஒரு மாதிரிச் சமாதானம் வந்தது. உண்மையில் இரவு பகலாக யாரோ ஒருவர் கையால் ஆட்டிக்கொண்டே பக்கத்தில் இருந்த காலத்து ஏணை வேறு. பிள்ளையை ஸ்பிறிங்கில் துள்ளவிட்டுவிட்டுக் குசினிக்குப் போகிற இந்தக் காலத்து ஏணை வேறு.

ஏணையில் அயர்ந்த பிள்ளையைப் படுக்கைக்கு மாற்றும்போது எழும்பிக் கத்துவதுதான் எல்லா வீட்டிலும் பிரச்சினை. இதற்கு எங்களுக்கு உதவினது ஒரு ஜப்பான் ஆராய்ச்சி. ரிக்கன் என்ற அவர்களுடைய ஆய்வு நிறுவனம் 2022இல் வெளியிட்டது, 21 குழந்தைகளை வைத்துச் செய்தது. அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு 5 நிமிடம் நிற்காமல் சீராக நடந்தால் அழுகை அடங்குகிறது, கிட்டத்தட்டப் பாதிப் பிள்ளைகள் அந்த நேரத்துக்குள்ளேயே நித்திரையாகிவிட்டார்கள். முக்கியமான பகுதி அதற்குப் பிறகுதான். நித்திரையானதும் உடனே கிடத்தாமல், மடியில் வைத்தபடி இன்னும் 5 தொடக்கம் 8 நிமிடம் இருக்கவேண்டும். பிள்ளையை எழுப்புவது படுக்கையில் முதுகு படுவது அல்ல, நம் உடம்பிலிருந்து பிரியத் தொடங்குகிற அந்தக் கணம் என்று இதயத்துடிப்பை அளந்து கண்டிருக்கிறார்கள். மனைவி இதை ஏணைக்கும் பொருத்திவிட்டா. கண் மூடியதும் ஆட்டத்தை நிற்பாட்டிக் கொஞ்சம் விட்டுவைப்பது, பிறகு தூக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு கதிரையில் இருப்பது, கை கால் தளர்ந்து தொங்கத் தொடங்கின பிறகு முதலில் குண்டியையும் பிறகு தலையையும் மெதுவாக வைப்பது, வைத்த பிறகும் கையை நெஞ்சில் இருந்து உடனே எடுக்காமல் விடுவது. எல்லா நாளும் பலிக்காது. ஆனால் முந்தி இருந்த கூத்து இப்போது இல்லை.

முதல் இரண்டு மூன்று மாதம் எந்த ஏணையாலும் இரவை ஒழுங்காக்க முடியாது என்பதையும் சொல்லவேண்டும். அந்த வயதில் பிள்ளைக்கு இரவு பகல் தெரியாது, உடம்புக்குள் அந்தக் கணக்கு இன்னும் வரவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன அளவுப்படி மூன்று மாதம் வரை ஒரு நாளைக்கு 14 தொடக்கம் 17 மணித்தியாலம், நாலு தொடக்கம் பதினொரு மாதத்தில் 12 தொடக்கம் 16 மணித்தியாலம், பகல் நித்திரையும் சேர்த்துத்தான். மொத்தம் சரியாக இருக்கும், ஆனால் துண்டு துண்டாக வரும். காலையில் விறாந்தை வெளிச்சத்தில் வைத்துக் கதைப்பது, இரவில் பால் கொடுக்கும்போது பெரிய லைற்றைப் போடாமல் விடுவது, இவ்வளவும்தான் நாம் செய்யக்கூடியது. கிரைப் வாட்டர் கொடுங்கோ, ஓமத் தண்ணி கொடுங்கோ என்று அயலட்டை சொல்லும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர ஒன்றும் வேண்டாம் என்று கிளினிக்கில் சொன்னதையே பிடித்துக்கொண்டோம்.

இரவுப் படுக்கைக்கு, கடைகளில் விற்கிற குடை நுளம்பு வலையும் குட்டி மெத்தையும் சேர்ந்த செற் ஒன்று வாங்கினோம். வலை நல்லது. இரணைமடு வாய்க்கால் ஓடுகிற காலத்தில் பின்னேரம் ஆறு மணிக்கு வாயைத் திறந்தால் நுளம்பு போகும். மலேரியாவை இல்லாமல் செய்த நாடு என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று தந்துவிட்டது, நாங்கள் சின்னனில் குளிர்காய்ச்சலில் நடுங்கின மாதிரி இந்தப் பிள்ளைகள் நடுங்கத் தேவையில்லை. ஆனால் டெங்கு நுளம்பு பகலில் கடிக்கிறது, அதனால் பகல் நித்திரைக்கும் வலை வேண்டும். ஏணைக்கு மேலே போடப் பெரிய வலை ஒன்றைத் தனியாக வாங்கி ஸ்ராண்டின் குறுக்குப் பைப்பில் தொங்கவிட்டோம், நிலம் வரை விழுகிறது. பிள்ளை கிடக்கிற அறையில் நுளம்புத்திரி கொளுத்துவதில்லை.

அந்தச் செற்றோடு ஒரு தலையணையும் இரண்டு உருளைத் தலையணையும் இலவசம் மாதிரி வரும், பஞ்சு மெதுமெது என்று பார்க்க ஆசையாக இருக்கும். மூன்றையும் எடுத்து அலுமாரிக்குள் போட்டுவிட்டேன். ஒரு வயதுக்குள் தலையணை, தடித்த போர்வை, பொம்மை ஒன்றும் படுக்கையில் இருக்கக்கூடாது, முகத்தில் அமத்தினால் தள்ளிவிடத் தெரியாது. மெத்தையும் அமிழாமல் இறுக்கமாக இருக்கவேண்டும். செற்றில் வந்தது கையால் அமத்தினால் குழி விழுந்தது, ஆகவே அதையும் கழற்றிவிட்டு வலையை மட்டும் எடுத்து, பாயில் இரண்டாக மடித்த பெட்சீற்றை இறுக்கிச் செருகி அதன்மேல் குடையை விரிக்கிறோம். ஆக, நாங்கள் காசு கொடுத்தது வலைக்குத்தான். தனி வலை கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

சித்திரை வைகாசியில் இந்த ஊர் அறைகளில் பெரியவர்களே புரண்டுகொண்டு கிடப்பார்கள். ஒரு மெல்லிய பருத்திச் சட்டை போதும். ஃபானை நேரே முகத்தில் பிடிக்காமல் சுவரில் பட்டுத் திரும்ப வைப்போம். சோளகம் வீசத் தொடங்கினால் யன்னலே போதும். பிடரியைத் தொட்டுப் பார்த்து ஈரமாக இருந்தால் பிள்ளைக்கு வெக்கை. கையும் காலும் எப்போதும் கொஞ்சம் குளிர்ச்சியாகத்தான் இருக்கும், அதைப் பார்த்துத் தொப்பி போடாதீர்கள்.

கரண்டில் ஆடுகிற தொட்டிலைப் பற்றியும் சிலர் கேட்டார்கள். மூத்தவள் பிறந்த 2022இல் சுவிஸ் மச்சாள் அப்படி ஒன்று அனுப்பினா. அந்த வருடம் பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பிள்ளை அழுகிற நேரம் கரண்ட் இல்லை, கரண்ட் வருகிற நேரம் பிள்ளை நித்திரை. கடைசியில் உடுப்பு மடித்து வைக்கிற இடமாக இருந்தது. மகனுக்கு அதைத் தூசு தட்டி எடுத்தபோது கைபேசியின் லெவலை வைத்து இருக்கைச் சரிவை அளந்தேன், முப்பது பாகைக்குக் கிட்ட நின்றது. அமெரிக்காவில் பத்துப் பாகைக்கு மேல் சரிந்த குழந்தைப் படுக்கைகளை விற்கக்கூடாது என்று 2022 மேயில் சட்டமே போட்டிருக்கிறார்கள், அப்படியான சாமான்களில் பிள்ளைகள் இறந்த பிறகு. ஏணையில் சொன்ன அதே நாடி, நெஞ்சு விஷயம்தான். பிள்ளை முழித்திருந்து விளையாட இருத்தலாம், அதுவும் பட்டி மாட்டி. நித்திரைக்கு வேண்டாம். மச்சாள் இதை வாசித்தால் கோபிக்கக்கூடாது, அன்பு தெரியும்.

மூத்தவளுக்கு இப்போது மூன்று வயது கடந்துவிட்டது. ஸ்ராண்டினால் வந்த புதுத் தலையிடி அவள்தான். தம்பி இறங்கினதும் தான் ஏறவேண்டும். அவள் வயதுப் பிள்ளை தனியாக ஏணைக்குள் ஏறிச் சுழன்றால் சீலை முறுக்கிக் கழுத்தில் சுற்றும், அதுவும் ஏணையில் உள்ள பெரிய ஆபத்து. அதனால் பாவிக்காத நேரத்தில் ஷக்கிளைக் கழற்றி, ஸ்பிறிங்கையும் சீலையையும் ஒன்றாகச் சுருட்டி அலுமாரிக்கு மேலே வைக்கிறோம். வெறும் ஸ்ராண்டில் ஒரு கயிற்றுத் துண்டுகூடத் தொங்காது. சண்டை குறைய அவளுக்கென்று ஒரு ஒழுங்கு வைத்தோம்: எட்டு மணிக்கு ரீவியும் கைபேசியும் நிற்கும், முகம் கால் கழுவி, அம்மம்மாவுக்குப் பக்கத்தில் பாயில் கதை. அம்மம்மாவின் கதையில் நரி ஒவ்வொரு நாளும் வேறு ஊருக்குப் போகும், நேற்று முறிகண்டிக்குப் போய்க் கச்சான் வாங்கினது. கதை முடிய முதல் அம்மம்மா நித்திரை, அவளும் நித்திரை.

விலை விபரம். ஸ்ராண்ட் எங்களுக்கு 9,500 ரூபாய் முடிந்தது, பைப் விலைக்கேற்ப ஏறும் இறங்கும். ஸ்பிறிங் 1,800. தடியும் கயிறும் வீட்டில் இருந்தது. ஓடர் கொடுத்த பிறகு "நாளைக்கு அண்ணை" என்று கொஞ்சக் காலம் இழுப்பார்கள், அதிலும் கேற்று வேலை கூடின நேரம் கேட்கவே வேண்டாம். ஆகவே பிள்ளை வயிற்றில் இருக்கிற ஏழாம் எட்டாம் மாதத்திலேயே சொல்லிவிடுங்கள். பெயின்ற் மணம் போக முற்றத்து வெயிலில் நன்றாகக் காயவிட்டுத்தான் அறைக்குள் எடுக்கவேண்டும். உயரத்தை அவர்கள் விருப்பத்துக்கு விடாமல், உங்கள் ஸ்பிறிங் பாரத்தோடு எவ்வளவு நீளுகிறது என்று அளந்துகொண்டு போய்ச் சொல்லுங்கள்.

பிள்ளை தானாக எழும்பி இருக்கத் தொடங்கினால், அல்லது ஏணை விளிம்பைப் பிடித்து எழும்பப் பார்த்தால், அன்றோடு ஏணை முடிந்தது. எங்கள் மகன் அந்தக் கட்டத்துக்குக் கிட்ட வந்துவிட்டான். அடுத்த ஒழுங்கையில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி ஸ்ராண்டை இப்போதே கேட்டு வைத்திருக்கிறா. கொடுப்போம். ஸ்பிறிங்கைக் கொடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன், புதிதாக ஒன்று வாங்கி 10 கிலோ அரிசிப் பையோடு கொண்டுவரட்டும், கோடு போட்ட சுவர் அப்படியே இருக்கிறது.